மெய்ப்பாட்டியல் நோக்கில் மலைப்பயண மனப்பக்குவம்

முன்னுரை

அடையாற்றில் பிறந்து வளர்ந்த மாணவர்க்கு மலை என்பது பெரும்பாலும் படத்தில் கண்ட பொருளே ஆகும். கிழக்கே கடல், இடையே ஆறு, ஆறு கடலொடு கலக்குமிடத்தே உப்பங்கழி. கண்ணுக்கெட்டும் தொலைவில் குன்று என்று சொல்லத்தக்கது பரங்கிமலை ஒன்றே. அதுவும் ஏறத்தாழ 300 அடி உயரமே உடையது. இத்தகைய சூழலில் வளர்ந்த மாணவர் ஒருவர், தோளிற் பையைச் சுமந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் மலைவழியில் நடந்து தங்கிவரப் புறப்படுகின்றார் எனின், வீட்டில் முதலில் நிகழ்வது பொருள் சேகரித்தல். காலணி, கம்பளி, கைவிளக்கு, குடிநீர்ப் புட்டி, மருந்து, உலர்பழம் என ஒரு நீண்ட பட்டியல் எழுதப்படும். ஒவ்வொன்றும் வாங்கப்பட்டுப் பட்டியலில் அடிக்கப்படும். ஆனால், பையைச் சுமந்து செல்லும் உள்ளத்தை எங்ஙனம் ஆயத்தம் செய்வது என்பது எப்பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

மலைப்பயணத்தில் நேரும் இடர்கள் பலவற்றுக்குக் கால் தளர்வது மட்டுமே காரணம் அன்று. அச்சத்தை மறைப்பது, களைப்பைச் சொல்ல நாணுவது, சினத்தால் பிரிந்து நடப்பது, வியப்பால் வழி மறப்பது என்பனவும் காரணங்களாம். இவை யாவும் உள்ளத்தின் நிகழ்ச்சிகள். உள்ளத்து நிகழ்ச்சிகளை வகைப்படுத்தி ஆராய்ந்த தொன்மையான நூலொன்று நம் கையில் இருக்கின்றது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயலாகிய மெய்ப்பாட்டியலே அது. அவ்வியல் கூறும் எட்டு மெய்ப்பாடுகளைத் துணையாகக் கொண்டு, மலைப்பயணம் மேற்கொள்ளும் மாணவர்தம் மனத்தை எவ்வாறு பக்குவப்படுத்துவது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மெய்ப்பாடு – ஒரு விளக்கம்

உள்ளத்தே தோன்றும் உணர்வு உடலின் வழியே பிறர்க்குப் புலப்படுமாறு வெளிப்படுவது மெய்ப்பாடு. கண்ணீர் அரும்புவதும், மயிர் சிலிர்ப்பதும், மேனி நடுங்குவதும் அதன் அடையாளங்கள். நகை, இளிவரல், அழுகை, அச்சம், மருட்கை, வெகுளி, பெருமிதம், உவகை ஆகிய எட்டினையும் தொல்காப்பியர் எடுத்தோதி, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களிற் பிறக்கும் என்கின்றார். செய்யுளை நுகர்தற்கு உரிய கருவியாகவே இவை கூறப்பட்டன என்பது உண்மை. ஆயினும், செய்யுளின் பொருள் வாழ்க்கையிலிருந்து எடுக்கப்பட்டது ஆதலின், வாழ்க்கையை அறிதற்கும் இவை பயன்படும் என்பதில் ஐயமில்லை.

ஈண்டு ஒன்றைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். மெய்ப்பாடு என்பது பிறர்க்குப் புலப்படுவது. எனவே, மலைவழிச் செல்லும் குழுவில் ஒவ்வொருவர்க்கும் இரண்டு கடமைகள் உண்டு. தம் உணர்வைத் தாமே அறிதல் ஒன்று. உடன் வருவார் முகத்திலும் நடையிலும் தோன்றும் உணர்வை அறிந்து துணைநிற்றல் மற்றொன்று. முன்னதை வீட்டிலேயே பழகலாம். பின்னதைப் பழகுதற்குப் புறப்படும் முன்னரே குழுவாகக் கூடிப் பேசுதல் வேண்டும்.

செலவழுங்குதல்

மெய்ப்பாடுகளுக்குள் நுழையுமுன் அகத்திணை மரபு ஒன்றை நினைத்தல் தகும். பொருள்வயிற் பிரியக் கருதிய தலைவன், புறப்படும் வேளையில் தயங்கி நிற்பான். இதனைச் செலவழுங்குதல் என்பர். இத்தயக்கம் பயணத்தைக் கைவிடுதல் ஆகாது என்றும், வீட்டிலிருப்பாளை ஆற்றுவித்தற்பொருட்டுச் செலவைச் சிறிது நிறுத்திவைத்தலே என்றும் தொல்காப்பியர் கற்பியலில் தெளிவுறுத்துகின்றார்.

நம் மாணவர்க்கு இவ்விலக்கணம் பெரிதும் பயன்படும். மகனோ மகளோ மலைக்குச் செல்லப்போவதாகச் சொன்னவுடன் பல இல்லங்களில் எழுவது மறுப்பே. குறிப்பாக மகளிரைப் பயணம் அனுப்புவதில் நம் சமுதாயப் பெற்றோர்க்குத் தயக்கம் மிகுதி. அத்தயக்கத்தைப் பழமைப்பிடிப்பு என்று கூறி ஒதுக்குதல் முறையன்று. அதன் அடியில் இருப்பது அன்பும் அச்சமும் ஆகும். உடன் வரும் ஆசிரியர் யாவர், பெண் ஆசிரியர் உளரா, இரவு தங்குமிடம் யாது, வனத்துறையின் அனுமதி பெறப்பட்டதா, அருகிலுள்ள மருத்துவமனை எத்தனை தொலைவில் உள்ளது என்னும் வினாக்களுக்கு விடையைத் தாளில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுத்தல் வேண்டும். மலைமேல் பல இடங்களில் கைப்பேசி இயங்காது. அதனை முன்னரே சொல்லி, இன்ன நாளில் இன்ன நேரத்திற்கே அழைப்பு வரும் என்று உறுதி கூறிவிட்டால், இடைப்பட்ட மணிகளில் தாயின் நெஞ்சு துடிக்காது. வீட்டாரை ஆற்றுவிக்காது புறப்பட்டவர், அவர்தம் கண்ணீரையும் பையோடு சுமந்துகொண்டே மலையேறுவர். அச்சுமை எல்லாச் சுமையினும் பெரிது.

1. அச்சம்

அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கும் அச்சத்தின் நிலைக்களன்களாகக் கூறப்பட்டுள்ளன. காட்டிற்கு முதன்முறை செல்வார்க்கு இந்நான்கனுள் முதல் மூன்றும் ஒருங்கே தோன்றும். இருளில் அசையும் கிளை அணங்காகின்றது. சருகின் ஒலி விலங்காகின்றது. தொலைவில் தெரியும் அறியா முகம் கள்வராகின்றது. இவ்வச்சம் இழிவன்று. அஞ்சத்தக்கவற்றிற்கு அஞ்சாதிருத்தல் அறியாமை என்பது வள்ளுவர் கொள்கை. ஆகவே, அச்சத்தை ஒழித்தல் நம் குறிக்கோள் அன்று. எதற்கு அஞ்சவேண்டும், எதற்கு அஞ்சவேண்டா எனப் பகுத்தறிதலே குறிக்கோள்.

அஞ்சத்தக்கதற்கு அஞ்சவேண்டும் என்னும் பாடத்தைத் தமிழகம் மிகப்பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள், தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலைப்பகுதியில் காட்டுத்தீ மூண்டது. சென்னையிலிருந்து சென்ற ஒரு குழுவினரும், ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து சென்ற மற்றொரு குழுவினரும் அதில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். அவருள் பலர் இளைஞர், பெண்கள் பலர். நம்மைப் போன்றே வார இறுதியில் மலை காணச் சென்றவர்கள் அவர்கள். கோடைத் தொடக்கத்தில் மலைச்சரிவின் புல் காய்ந்து கிடக்கும். சரிவில் பற்றிய தீ, சமவெளித் தீயைவிட விரைந்து மேல்நோக்கிப் பாயும். கீழே எரியும் தழலின் வெம்மை மேலேயுள்ள புல்லை முன்னரே உலர்த்திவிடுவதே இதன் காரணம். காற்றும் சேர்ந்தால் மனிதக் கால்கள் அதனை வெல்லுதல் அரிது.

மாண்டோரைக் குறை கூறுதற்காக இதனை எழுதவில்லை. இறைவன் அவர்தம் குடும்பத்தார்க்கு ஆறுதல் அருள்வானாக. இந்நிகழ்ச்சியினின்று மனப்பக்குவம் பற்றி நாம் கொள்ளவேண்டிய கருத்து ஒன்று உண்டு. எத்துணை மனவுறுதியும் தீயின் முன் நில்லாது. ஆதலின், முதலாவதாகப் பழகவேண்டிய மனநிலை, பயணத்தைக் கைவிடும் துணிவே ஆகும். பணம் கட்டியாயிற்று, நண்பர்க்குச் சொல்லியாயிற்று, பை கட்டியாயிற்று. அந்நிலையிலும் வனத்துறை வழியை மூடினாலோ, வானிலை மாறினாலோ, உடன்செல்லும் வழிகாட்டி வேண்டாமென்றாலோ, ஏமாற்றத்தை விழுங்கிக்கொண்டு வீடு திரும்பும் மனம் வேண்டும். அவ்வேமாற்றத்தைத் தாங்கப் பழகாதவர் மலைக்கு ஆயத்தமாகவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

குரங்கணி நிகழ்ச்சிக்குப் பின்னர்த் தமிழக அரசு மலையேற்றத்திற்கென விதிகளை வகுத்தது. 2024ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வனத்துறையின் சார்பில் மலையேற்றத் திட்டம் ஒன்று 40 வழித்தடங்களுடன் தொடங்கப்பெற்றது. எளியது, நடுத்தரமானது, கடினமானது என வழிகள் பகுக்கப்பட்டன. மலைவாழ் மக்களுள் இளைஞர் பலர் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாயினர். முதன்முறை செல்லும் மாணவர் எளிய வழியைத் தேர்ந்தெடுப்பதில் நாணம் வேண்டா.

தேவையற்ற அச்சத்தை நீக்குதற்கு வழி, அதனை வாய்விட்டுச் சொல்லுதலே. புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முன் குழுவினர் வட்டமாக அமர்ந்து, தாம் அஞ்சுவது யாது என ஒவ்வொருவரும் ஒன்று கூறவேண்டும். அட்டைப்பூச்சி என்பார் ஒருவர். உயரம் என்பார் ஒருவர். இரவில் இயற்கைக் கடன் கழிக்கத் தனியே செல்லுதல் என்பார் மற்றொருவர். சொல்லப்பட்ட அச்சத்திற்கு விடை காணலாம். சொல்லப்படாத அச்சமோ மலைமேல் உருப்பெருக்கும். அச்சம் மிகும்போது மூச்சு விரைந்து, தலை சுழன்று, விரல் நுனிகள் மரத்தல் உண்டு. அப்போது அமர்ந்து, மூச்சை மெல்ல உள்வாங்கி, அதனினும் மெல்ல வெளிவிடுதல் வேண்டும். சில நிமிடங்களில் உடல் அடங்கும். உடல் அடங்க, உள்ளமும் அடங்கும். இதனை வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம்.

2. அழுகை

இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கும் அழுகைக்குக் களன்கள். இவற்றுள் அசைவு என்பதற்கு, முன்னைய நிலை மாறி வேறொரு நிலையுற்று வருந்துதல் என உரை காண்பர். வீட்டை விட்டு முதன்முறை பிரிந்து தங்கும் மாணவர்க்கு இரவு நேரத்தில் தோன்றும் வருத்தம் இவ்வசைவே ஆகும். தம் கட்டில் இல்லை. தாய் தரும் தேநீர் இல்லை. பழகிய தெருவோசை இல்லை. பகலெல்லாம் சிரித்து நடந்தவர், கம்பளிக்குள் முகம் புதைத்துக் கண்ணீர் உகுத்தல் உண்டு.

இது பெரியோர்க்கும் நேர்ந்ததே. உலகப் பயணியருள் தலைசிறந்த இப்னு பதூதா, 1325ஆம் ஆண்டு மொராக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகரை விட்டுத் தனியே புறப்பட்டபோது அவருக்கு வயது 21. பெற்றோரைப் பிரிந்த துயரம் அவர் நெஞ்சை அழுத்தியது. தூனிசு நகரை அடைந்தபோது, ஊரார் வந்து பயணியர் ஒவ்வொருவரையும் வரவேற்று ஸலாம் கூறினர். இவரை அறிந்தார் எவரும் இலர். ஆதலின் இவருக்கு ஸலாம் கூறுவாரும் இலர். இளைஞர் தேம்பி அழுதார். அதனைக் கண்ட உடன்பயணி ஒருவர், காரணம் உணர்ந்து அருகில் வந்து, ஸலாம் கூறி, அன்புடன் உரையாடிக்கொண்டே நகருள் அழைத்துச் சென்றார்.

அவ்விளைஞர்தாம் பின்னாளில் இலங்கைக்கு வந்து, பாவா ஆதம் மலை எனவும் சிவனொளிபாதமலை எனவும் வழங்கும் 2,243 மீட்டர் உயரமுள்ள மலையில், பாறையிற் பதித்த சங்கிலிகளைப் பற்றி ஏறினார். அதன்பின் நம் தமிழகக் கடற்கரையிலும் மதுரையிலும் தங்கினார். ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்துத் தம் பயணங்களை எடுத்துரைத்து எழுதுவித்தபோது, தூனிசில் அழுத அழுகையை அவர் மறைக்கவில்லை. பெரும்பயணியாக விளங்கியவர் அழாதவர் அல்லர், அழுதபின்னும் நடந்தவர். மேலும், அவர் கண்ணீரைத் துடைத்தது பெரும்பொருள் அன்று. ஒருவர் கூறிய ஒரு ஸலாம். மலைமேல் முதல் இரவில் ஒவ்வொரு மாணவரும் தம் அருகில் படுத்திருப்பாரிடம் சில சொற்கள் பேசிவிட்டே உறங்குதல் வேண்டும் என்று விதி செய்துகொண்டால், பாதித் துயரம் தீரும்.

வறுமையும் அழுகைக்கு ஒரு களன் என்பதனை மறத்தலாகாது. விலையுயர்ந்த காலணியும் பையும் வாங்க இயலாத மாணவர் குழுவில் இருப்பார். கல்லூரியே பொதுவாகச் சில பைகளையும் கம்பளிகளையும் வாங்கிவைத்து, வேறுபாடின்றி யாவர்க்கும் அவற்றையே வழங்குதல் நன்று.

3. இளிவரல்

மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பவற்றால் ஒருவர்க்குத் தம்மைக் குறித்தே எழும் தாழ்வுணர்வு இளிவரல். மலைவழியில் மிகுந்த தீங்கு செய்வது இதுவே என்பது என் பட்டறிவு. அச்சம் காலை நிறுத்தும். இளிவரலோ வாயை அடைத்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் இருபதின்மரை ஏலகிரிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். சோலையார்பேட்டை வரை தொடர்வண்டி. அங்கிருந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே பேருந்து. மறுநாட் காலை சுவாமிமலைக் குன்றின்மேல் ஏற்றம். ஏறும்போது முன்னும் பின்னும் ஆட்களை எண்ணிக்கொண்டே சென்றேன். உச்சியில் எண்ணினேன், இருபதின்மரும் இருந்தனர். இறங்கும்போது எண்ணவில்லை. கடினமான பகுதி முடிந்துவிட்டது என்று என் மனம் இளகிவிட்டது. அடிவாரத்தில் எண்ணியபோது பத்தொன்பதின்மரே நின்றனர்.

ஒருமணி நேரத்திற்கு மேல் தேடினோம். வழியினின்று சற்று விலகி, ஒரு பாறையின் மறைவில் அம்மாணவர் அமர்ந்திருந்தார். முழங்கால் வீங்கியிருந்தது. நாங்கள் பெயர் சொல்லிக் கூவியது அவர் காதில் விழுந்தே இருந்தது. ஏன் குரல் கொடுக்கவில்லை என்று கேட்டேன். நெடுநேரம் தலைகுனிந்திருந்தார். பின்னர், ஏறும்போதே கால் வலித்தது என்றும், முன்னாள் மாலையில் தாமே எல்லாரினும் முதலில் உச்சியை அடைவதாகச் சொல்லியிருந்ததால் வலியைச் சொல்ல வெட்கமாக இருந்தது என்றும், வலி சற்றுக் குறைந்ததும் தாமே நடந்து வந்து சேர்ந்துவிடலாம் என எண்ணியதாகவும் கூறினார். அவர்மீது எனக்குச் சினம் எழவில்லை. குற்றம் என்னுடையது. இறங்கும்போது எண்ணாதது ஒரு குற்றம். அதனினும் பெரிய குற்றம், வலியைச் சொல்லுதல் இழிவன்று என்பதைப் புறப்படுமுன் நான் எவர்க்கும் சொல்லாதது. பொழுது சாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என எண்ணி இன்றும் சில இரவுகளில் உறக்கம் கலைவதுண்டு.

இளிவரலை நீக்குதற்கு மார்க்கத்திலேயே தக்க சான்று உண்டு. பயணிக்கு நான்கு ரக்அத் தொழுகை இரண்டாகச் சுருக்கப்பட்டுள்ளது. ரமலான் நோன்பைப் பின்னொரு நாளில் நோற்கச் சலுகை அளிக்கப்பட்டுள்ளது. பயணம் வருத்தம் உடையது என்பதைப் படைத்தவனே ஏற்றுக்கொண்டு சலுகை தந்திருக்கின்றான். இறைவன் தந்த சலுகையை ஏற்றல் இழிவன்று எனின், நண்பரிடம் சற்று நில்லுங்கள் என்று கேட்பதும் இழிவன்று. ஆகவே, குழுவில் ஒரு விதி வேண்டும். நில்லுங்கள் என்று எவர் சொன்னாலும், காரணம் கேளாமல் அனைவரும் நிற்றல் வேண்டும். மிக மெல்ல நடப்பவரின் நடையே குழுவின் நடையாக அமைதல் வேண்டும்.

4. நகை

எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன நகைக்குக் களன்கள். மலைவழியில் சிரிப்பு பெருந்துணை. ஏற்றத்தின் களைப்பை ஒரு நகைச்சொல் போக்கும். ஆயினும் எள்ளலாற் பிறக்கும் நகை வேறு. பருத்த உடலினரையும், அஞ்சுவாரையும், வழுக்கி விழுந்தாரையும் எள்ளி நகைத்தால், முன்னர்க் கூறிய இளிவரல் அங்கேயே முளைக்கும். ஏலகிரியில் அம்மாணவரின் வாயை அடைத்ததும் இவ்வெள்ளலைப் பற்றிய அச்சமே அன்றோ? விழுந்தவர் எழுந்து தாமே சிரித்தால் உடன் சிரிக்கலாம். அதுவரை கைகொடுத்தலே கடமை.

5. வெகுளி

பசியும் களைப்பும் கூடும்போது சிறு சொல்லும் சுடும். நீர்ப்புட்டியை யார் காலி செய்தார், கூடாரத்தை யார் கட்டவில்லை என்பன போன்ற சிறு காரணங்களாலேயே நட்பு முறிவதுண்டு. சினந்தவர் விரைந்து முன்னே நடப்பார். அல்லது வேண்டுமென்றே பின்தங்குவார். மலையில் இரண்டும் தீங்கே.

மூவர் பயணம் செய்தால் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளுங்கள் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி. ஊரிலேயே தலைவரைத் தேர்ந்துகொண்டால், மலைமேல் வாதம் குறையும். சமைப்பவர், நீர் கொணர்பவர், இடத்தைத் தூய்மை செய்பவர் எனப் பணிகளையும் முன்னரே பங்கிட்டுக்கொள்ளல் வேண்டும். சினம் எழுந்தவர் முதலில் செய்யவேண்டியது நீர் அருந்தி, ஏதேனும் உண்ணுதல். உண்டபின் அச்சினம் பெரும்பாலும் எஞ்சியிராது.

6. மருட்கை

புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பவற்றால் வியப்புத் தோன்றும். மலைப்பயணத்தின் பயனே இவ்வியப்புத்தான். முகில் தம் காலடியில் மிதக்கக் கண்டவர் தம் சிறுமையை உணர்வர். படைத்தவன் பெருமையை உணர்வர். ஆயினும் மருட்கை என்னும் சொல்லிலேயே மருளும் அடங்கியுள்ளது. காட்சியில் மயங்கி, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படமெடுக்கப் பின்னோக்கி ஓரடி வைப்பவர், தம் பின்னே பள்ளம் இருப்பதை அறியார். நடக்கும்போது பார்வை வழியிலும், பார்க்கும்போது கால்கள் நிலத்திலும் ஊன்றி நிற்றல் வேண்டும். நடந்துகொண்டே காண்பதும், கண்டுகொண்டே நடப்பதும் தவிர்க்கத்தக்கன.

இவ்விடத்தே மலைபடுகடாத்தை நினையாதிருத்தல் இயலாது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய இந்நூல் 583 அடிகளை உடையது. பெருங்கௌசிகனார் பாடியது. நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், எதிர்ப்பட்ட கூத்தர் குழுவிற்கு மலைவழியை எடுத்துரைப்பதாக அமைந்தது. விலங்கைப் பிடிக்க வைத்த பொறிகள் எங்கே உள்ளன, பாம்பு உறையும் குழிகள் எங்கே, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எங்கே வரும், பாசி படர்ந்து வழுக்கும் இடம் யாது என அனைத்தும் அதில் உரைக்கப்படுகின்றன. ஒருவரையொருவர் காத்துச் செல்லுமாறும், பற்றிய கையை விடாது மெல்லக் கடக்குமாறும் கூத்தன் அறிவுறுத்துகின்றான். குறவரே மயங்கும் குன்றில் வழி தவறினால், மேலும் நடவாமல், அகன்ற பாறையில் ஒன்றாகக் கூடியிருந்து தம் இசைக்கருவிகளை முழக்க வேண்டும் என்பதே அவன் கூறுவனவற்றுள் மிக வியக்கத்தக்கது. அவ்வொலி கேட்டுக் காட்டில் வாழ்வோர் வந்து துணைசெய்வர் என்கின்றான்.

இன்று மலையேற்றப் பயிற்சியாளர் உலகெங்கும் கற்பிப்பது இதுவே. வழி தவறினால் நில், கூடியிரு, ஒலி எழுப்பு. கூத்தர் கையில் முழவும் யாழும் இருந்தன. நம் மாணவர் கழுத்தில் ஊதல் ஒன்று தொங்குதல் வேண்டும். மும்முறை ஊதி, சற்று நிறுத்தி, மீண்டும் மும்முறை ஊதுவதே குறி எனக் குழு முன்னரே உறுதி செய்துகொள்ளல் வேண்டும். ஏலகிரியில் அம்மாணவரிடம் ஊதல் இருந்திருப்பினும் ஊதியிருப்பாரா என்பது ஐயமே. கருவியைக் கையில் கொடுப்பதோடு, அதனைப் பயன்படுத்த நாணாத மனத்தையும் கொடுத்தல் வேண்டும்.

7. பெருமிதம்

கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கும் பெருமிதத்தின் களன்கள். முதலில் வைக்கப்பட்டது கல்வி. கொடையும் உடன் வைக்கப்பட்டது. அஞ்சாமையும் புகழும் மட்டுமே பெருமிதம் என எண்ணுவார்க்கு இது நல்ல படிப்பினை. மலையைப் பற்றி அறிந்து வந்தவரும், தம் நீரில் பாதியைப் பிறர்க்குத் தந்தவரும் பெருமிதத்திற்கு உரியரே. உச்சியை முதலில் தொட்டதாக மார்தட்டுவதினும், கடைசியாக வந்தவரோடு உடன்வந்தேன் எனக் கூறுவது சிறப்புடைத்து.

அடையாற்றிலேயே ஒத்திகை

இப்பண்புகளை மலைக்குச் சென்றுதான் கற்கவேண்டும் என்பதில்லை. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரையிலான கடற்கரையில், ஆண்டுதோறும் சனவரி முதல் ஏப்ரல் வரையான திங்கள்களில், முட்டையிட வரும் ஆமைகளைக் காக்கும்பொருட்டு இரவு நடை நிகழ்கின்றது. மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988ஆம் ஆண்டு முதல் இப்பணியைச் செய்து வருகின்றனர். ஏறத்தாழ 7 கிலோமீட்டர் மணலில், நள்ளிரவு கடந்து, ஆமைகள் வெருளாதவாறு ஆரவாரமும் வெளிச்சமும் இன்றி நடத்தல் வேண்டும். ஆமை வாராத இரவுகளும் உண்டு. இறந்து ஒதுங்கிய ஆமையையே காணும் இரவுகளும் உண்டு. இருள், களைப்பு, மௌனம், ஏமாற்றம், இழவு ஆகிய ஐந்தையும் ஒரே இரவில் பழகுதற்கு இதனினும் சிறந்த பள்ளி வேறில்லை.

அதற்கு முன்னும் பின்னும் செய்யத்தக்கன சில. நான்கு கிழமைகளுக்கு முன்பே புத்தகங்கள் நிரப்பிய பையைச் சுமந்து கடற்கரையில் நடக்கலாம். பரங்கிமலைப் படிகளை வைகறையில் ஏறி இறங்கலாம். கைப்பேசியை அணைத்துவைத்து ஒரு முழுநாளைக் கழிக்கலாம். வீட்டில் கட்டிலை விட்டு, தரையில் பாய்விரித்து உறங்கலாம். இவை உடலுக்குப் பயிற்சி என்பதினும் உள்ளத்துக்குப் பயிற்சி என்பதே பொருந்தும்.

8. உவகை – முடிவுரை

எட்டனுள் இறுதியாகச் சொல்லப்பட்டது உவகை. பயணத்தின் முடிவும் அதுவே ஆதல் வேண்டும். செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்பன அதன் களன்கள். நண்பரோடு கூடியிருந்த மகிழ்ச்சியும், விளையாட்டும், கண்ணும் செவியும் பெற்ற இன்பமும் நெஞ்சில் நிறைய, மாணவர் இல்லம் திரும்புவர். திரும்பியபின் சில நாள்கள் நகரத்தின் இரைச்சல் கசக்கும். வகுப்பில் மனம் ஒன்றாது. அதுவும் இயல்பே. குழுவினர் மீண்டும் ஒருமுறை கூடி, நல்லனவற்றையும் தவறியவற்றையும் பேசி எழுதிவைத்தால், அவ்வெழுத்து அடுத்த ஆண்டு செல்வார்க்கு ஆற்றுப்படை ஆகும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்பது நபிமொழி தரும் பாடம். அனுமதி, வழிகாட்டி, மருந்து, ஊதல் ஆகியவற்றைத் தேடிக்கொள்ளுதல் ஒட்டகத்தைக் கட்டுதல். அச்சத்தைச் சொல்லுதலும், வலியை மறைக்காமையும், வீட்டாரை ஆற்றுவித்தலும் அக்கட்டின் முடிச்சுகள். அதன்பின் பயண துஆவை ஓதிப் புறப்படலாம்.

ஏலகிரியினின்று திரும்பிய அம்மாணவர் இன்று ஒரு பள்ளியில் ஆசிரியர். தம் மாணவரைச் சுற்றுலா அழைத்துச் செல்வதற்கு முதல்நாள் என்னை அழைத்துப் பேசினார். எல்லாம் ஆயத்தமா என்று கேட்டேன். “முதலில் என் முழங்கால் கதையை அவர்களுக்குச் சொல்லிவிட்டேன், ஐயா” என்றார். அதனினும் சிறந்த ஆயத்தம் எனக்குத் தெரிந்தவரை வேறில்லை.